கோலாம் என்றால் குளம்தானே

பிற்பகலில் வானம் இருட்டினால் எனக்குப் பயம் வந்துவிடும். கோலாலம்பூரில் வானம் இருட்டாத பிற்பகல் குறைவு, ஆகவே நான் பயப்படாத நாளும் குறைவு. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பூக்கடை வைத்திருக்கும் அக்கா, மல்லிகைச் சரத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடியபடி, "என்னம்மா, மழைக்குப் போயி இப்படி முழிக்கிறீங்க? தமிழ்நாட்டுல மழையே பாத்ததில்லையா?" என்று கேலி செய்வார். பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே மழை பெய்தால் துணி காயாதே என்று மட்டும்தான் கவலைப்பட்டேன். இங்கே ஒரு குன்றைப் பற்றிக் கவலைப்படுகிறேன். கிள்ளானிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் குன்று. எங்கள் வீட்டிலிருந்து அது தெரியாது. தெரிந்தால் நான் ஜன்னலை விட்டு நகரவே மாட்டேன்.

நான் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் தண்ணீர்த் திட்டமிடும் பொறியாளர். எந்த ஊரில் இனி எவ்வளவு வீடு வரும், அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், அதை எந்த வழியாகக் கொண்டுபோய் எந்த மேட்டில் தேக்கி இறக்குவது என்று கணக்குப் போட்டு, வரைபடத்தில் கோடு போடுவது என் வேலை. கல்லூரியில், தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். யார் வீட்டுப் பக்கம் ஓட அனுமதி உண்டு, யார் வீட்டுப் பக்கம் கிடையாது என்பதை எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை. அதை நான் இங்கே வந்து கூட்டங்களில் கற்றுக்கொண்டேன்.

இயல்பிலேயே நான் பயந்தாங்கொள்ளி. போதாக்குறைக்கு வேலை விசா, இங்கே அதைப் பாஸ் என்பார்கள். நான், கணவர், பள்ளிக்குப் போகும் மகள் என மூன்று பேரும் இந்த நாட்டில் இருப்பது என் பாஸை நம்பித்தான். அதைப் புதுப்பிக்க நிறுவனம் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் அலுவலகத்தில் யார் என்ன சொன்னாலும் முதலில் தலையாட்டுவேன், அப்புறம் யோசிப்பேன். என் கணவர் இதை 'பாஸ் ஆட்டம்' என்பார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வார், எனக்குச் சிரிப்பு வராது.

நான் சொல்ல வந்தது ஒரு வார்த்தையைப் பற்றி. சேர்ந்த புதிதில் மலாய் வரைபடங்களில் 'கோலாம்' என்ற சொல்லைப் பார்த்து, அரிசிமாவுக் கோலத்தை எதற்கு இவர்கள் கான்கிரீட்டில் போடுகிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்து மேசைப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். மலாயில் கோலாம் என்றால் குளம். நம் குளம்தான் கப்பலேறி இங்கே வந்து கோலாம் ஆனது என்கிறார்கள். வெள்ளம் வடிய வெட்டுகிற குளமும் கோலாம்தான். குன்றின் மேல் கட்டி, அங்கிருந்து வீடுகளுக்குத் தண்ணீர் இறக்குகிறோமே, வீடு உயரத்துக்கு நிற்கும் கான்கிரீட் தொட்டி, அதற்கும் எங்கள் தொழிலில் கோலாம்தான். ஒன்று பூமிக்குள் பள்ளம், இன்னொன்று தலைக்கு மேல் பாரம். இரண்டுக்கும் ஒரே பெயர். அலுவலகத்தில் இதனால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

கிள்ளான் பக்கத்துத் திட்டத்துக்கு நாங்கள் முதலில் பார்த்துவைத்த குன்று வேறு. கெட்டியான மண், நல்ல உயரம், லோரி ஏற வழி. பார்த்ததும் எனக்கு அந்தக் குன்றைப் பிடித்துப்போனது. ஆனால் அதன் அடிவாரத்தில் பங்களாக்கள் இருந்தன. பங்களாக்காரர்கள் ஒரு வக்கீலோடு வந்தார்கள். தொட்டி வந்தால் காட்சி கெடும், வீட்டின் மதிப்பு இறங்கும் என்றார்கள். யாரோ யாருக்கோ போன் செய்தார்கள். அடுத்த கூட்டத்தில், அந்தக் குன்று எங்கள் வரைபடத்தில் எப்போதுமே இருந்ததில்லை என்பதுபோல எல்லோரும் பேசினார்கள். நானும் தலையாட்டினேன்.

இரண்டாவது குன்று வந்தது. அதன் உச்சியை யாரோ எப்போதோ வீடு கட்டுவதற்காகச் சமன்படுத்தி, வெட்டிய மண்ணை இரண்டு பக்கச் சரிவிலும் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். வீடு வரவில்லை. தள்ளிய மண்ணின் மேல் புல் முளைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைப்பசேலென்று அழகாக இருந்தது. நான் ஏறிப் பார்த்தபோது செருப்பு உள்ளே புதைந்தது. கீழே ஒரு தாமான் குடியிருப்பு. ரப்பர்த் தோட்டத்தைப் பிரித்து விற்றபோது வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் வாங்கிக் குடியேறிய வரிசை வீடுகள். பின்கட்டுச் சுவருக்கும் சரிவுக்கும் நடுவே ஒரு லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், அவ்வளவுதான்.

எங்கள் தலைமைப் பொறியாளரிடம் பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் நல்ல மனிதர், சீனர், என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார், என்னைவிட அதிகத் தொட்டி கட்டியவர். "பைல் அடிச்சா தொட்டி நிக்கும் லா" என்றார், மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்களைச் சொன்னார். தொட்டி நிற்கும். எனக்கும் அதில் சந்தேகமில்லை. சரிவு நிற்குமா என்பதுதான் கேள்வி. தொட்டி நிரம்பி வழிந்தால் ஒரு குழாய், கழுவிவிட ஒரு குழாய். இரண்டும் அந்தத் தள்ளிய மண்ணின் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். மண்ணுக்குள் ஒரு மூட்டு கசிந்தால் வெளியே தெரியாது. மழையோடு மழையாக ஊறும். ஊறிக்கொண்டே இருந்து, ஒரு நாள் மொத்தமாக இறங்கும். இதை நான் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "மூணாவது குன்னு கிடையாதே" என்றார். பிறகு என் பாஸ் எப்போது முடிகிறது என்று விசாரித்தார். அக்கறையாகத்தான் கேட்டிருப்பார். நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

தாமான் மக்களின் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரை இங்கே எல்லோரும் ஒய்.பி. என்பார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் ஒய்.பி. நேரிலேயே வருவதாக இருந்தது. எங்கள் நிறுவனத்தில் தமிழ் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான். "நீ போ. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததுக்குச் சொல்லாத" என்றார் தலைமைப் பொறியாளர். அவர் இதைச் சிடுசிடுப்பாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். மகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

தாமானின் பொது மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டம். வாசலில் மீகூன் சேமியாவும் தே தாரேக் டீயும் வைத்திருந்தார்கள். மேடையில் ஒய்.பி., அவர் பக்கத்தில் அவருடைய உதவியாளர், ஓரத்தில் நான். உதவியாளர் துடிப்பான தமிழர். மக்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக் கூட்டத்தைச் சேர்த்தவர் அவர்தான். வந்திருந்த முகங்களில் நான் எதிர்பார்த்த கடுப்பு இல்லை. எல்லோரும் கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல இருந்தார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து, "ரொம்ப வருசமா கேட்டுக்கிட்டு இருந்தோம்மா, இப்பதான் கண்ணத் தொறந்தாங்க" என்றார். தண்ணீர்த் தொட்டியை இத்தனை வருடமாக யார் கேட்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை. தண்ணி கட் அடிக்கடி வருகிற இடம்தான், அதனால் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒய்.பி. மலாயில் பேசினார். கோலாம் வரப்போகிறது என்றார். உதவியாளர் மைக்கை வாங்கித் தமிழில் சொன்னார்: "நீங்க கேட்ட குளம் வரப்போவுது. கை தட்டுங்க."

கை தட்டினார்கள். அந்தத் தாமானில் மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏறும் என்பது எங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. இவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது வெள்ளம் வடிய ஒரு குளம். கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். நான் உதவியாளர் பக்கம் குனிந்து, "இது குளம் இல்லைங்க" என்று கிசுகிசுத்தேன். அவர் பெருமை பொங்கச் சிரித்தார். "கோலாம்னா குளம்தானேக்கா? நம்ம தமிழ்லேருந்துதானே அவங்க எடுத்தாங்க" என்றார். அவருக்குத் தெரிந்தே சொன்னாரா, உண்மையிலேயே தெரியாதா என்று அன்றும் எனக்கு விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

ஒப்புதலுக்குக் கையைத் தூக்கச் சொல்வதற்கு முன் கேள்வி ஏதும் உண்டா என்று ஒய்.பி. கேட்டார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்துக்குத் தகரக் கூரை. அந்தச் சத்தத்தை மீறி மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் ஆன்டி எழுந்தார். தடித்த கண்ணாடி, கையில் குடை. மேடையில் எல்லோரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, குளத்த எவ்வளவு ஆழம் வெட்டுவாங்க? ஸ்கூல் பிள்ளைங்க அந்தப் பக்கமாதான் போவுது, வருது. சுத்தி பாகார் போடுவாங்களா?"

பாகார் என்றால் வேலி. போடுவோம். எல்லாத் தொட்டியைச் சுற்றியும் போடுவோம். "போடுவோம் ஆன்டி" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருக்கலாம். அதில் ஒரு பொய்கூட இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். என் பாஸ், மகளின் பள்ளி, கணவர் துணி உலர்த்தும் எங்கள் சின்ன பால்கனி எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. ஆன்டி நின்றுகொண்டே இருந்தார். ஆழத்தை நான் இன்னும் சொல்லவில்லையே.

நான் துணிந்து பேசினேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். துணிச்சலெல்லாம் இல்லை. ஆழம் எவ்வளவு என்ற கேள்விக்கு என்னால் பதில் கண்டுபிடிக்க முடியவில்லை. இல்லாத குளத்துக்கு என்ன ஆழம் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வெட்ட மாட்டாங்க ஆன்டி. கட்டுவாங்க. குளம் இல்ல, தொட்டி. குன்னு மேல, உங்க வீடுகளுக்குப் பின்னாடி."

உதவியாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஆன்டி குடையை மடித்து நாற்காலியில் வைத்தார். "பின்னாடின்னா? அந்த மண்ணு கொட்டுன மேட்டுலயா?"

"ஆமா."

"அது மழைக்கு வழியுமேம்மா. எங்க லோங்காங்க நாங்கதான மண்வெட்டி வச்சி அள்ளுறோம்."

அதற்குப் பிறகு யாரும் கை தூக்கவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன, குரல்கள் ஏறின. ஒருவர் ஒய்.பி.யைப் பார்த்து மலாயிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டினார். ஒய்.பி. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, யார் இவள் என்று கேட்டு வைத்துக்கொள்கிற பார்வை. கிள்ளானிலிருந்து திரும்பி வரும் ரயிலில், வீட்டில் எதை எதை விற்கலாம், எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் என்னை அழைப்பார்கள் என்று காத்திருந்தேன். அழைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அழைக்காதது அழைப்பதைவிடப் பயமாக இருந்தது. மேசையில் போன் ஒலித்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். பக்கத்து மேசைப் பெண் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுத்தாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் நான் சமைத்த எதிலும் உப்பு சரியாக இல்லை, கணவர் அதை அப்படியே சாப்பிட்டார். அவருக்கும் பயம்தான்.

நடந்தது நான் பயந்ததற்கு நேர்மாறு. ஒய்.பி. அந்தக் கூட்டத்தை அப்படியே தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டார். மக்கள் குரலைக் கேட்டுத் தொட்டியை நிறுத்தியவர் என்று தாமான் முழுக்கப் பதாகை கட்டினார்கள். அதே உதவியாளர் எனக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் பதாகையின் படத்தையும் கைகூப்பும் பொம்மையையும் அனுப்பினார். ஆன்டி எப்படியோ என் எண்ணை வாங்கி, தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். தலைமைப் பொறியாளர் ஒரு நாள் காபி இயந்திரத்தருகே நின்று, "உன் பாஸ் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அவ்வளவு நிம்மதி. அன்றைக்கு மழை பெய்தது, நான் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

நிம்மதி கொஞ்ச நாள்தான் இருந்தது. தொட்டி தேவைதான், அதில் மாற்றமில்லை. புது வீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன, திறந்தால் குழாயில் தண்ணீர் வர வேண்டும். மூன்றாவது குன்று கிடையாது. ஒரு திங்கட்கிழமை திருத்திய வரைபடம் என் திரைக்கு வந்தது. அதே குன்று. தொட்டி மறுபக்கம் நகர்ந்திருந்தது. குழாய்கள் அந்தப் பக்கச் சரிவில் இறங்கின. அதே தள்ளிய மண், அதே புல். கீழே என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினேன். வெறும் வெள்ளையாக இருந்தது.

"கீழ யார் இருக்காங்க?" என்று தலைமைப் பொறியாளரிடம் கேட்டேன்.

"வீடு இல்ல. ஃபேக்டரிக்காரன் கொங்சி மட்டும்தான்" என்றார்.

கொங்சி என்றால் தொழிலாளர் தங்கும் கொட்டகை. "அவங்களுக்குக் கூட்டம் உண்டா?"

அவர் என்னைக் கொஞ்சம் வருத்தமாகவே பார்த்தார். "அவங்க பெர்மிட்ல வந்தவங்க லா. ஓட்டு இல்ல. யாரு கூட்டம் போடுவா?" என்றார். குழாய்களை இன்னும் தூரம் கொண்டுபோய் விடலாமே என்றேன். பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. நான் மறுபடி கேட்கவில்லை. பாஸில் மை காயவில்லை. பயம் திரும்பி வந்து தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

போன மாதம் நில அளவைக்காரர்களோடு அந்தப் பக்கம் போனேன். ஒட்டுப்பலகையும் தகரமுமாக நீளக் கொட்டகை, சரிவை ஒட்டியே. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்கள் இருந்தார்கள். வங்காளதேசத்தவர்கள் ஒரு பக்கம், நேப்பாளிகள் ஒரு பக்கம். கடைசி அறையின் வாசலில் ஒருவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பாடிய பாட்டைக் கேட்டுத்தான் தமிழர் என்று தெரிந்தது. என்னை மேடம் என்று கூப்பிட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் என்றார். நானும் அந்தப் பக்கம்தான் என்று சொன்னதும் மேடம் போய் அக்கா வந்துவிட்டது. அவருக்கு என்னைவிட வயது அதிகம் இருக்கும், இருந்தும் அக்கா. உட்காரச் சொல்லி ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டார்.

"மேல என்னக்கா அளக்குறாங்க?"

"தண்ணித் தொட்டி வருதுண்ணே."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே திரும்பி, "டேய், தண்ணி வருதாம்டா" என்று குரல் கொடுத்தார். அவர்களுக்கு வெளியே ஒரே ஒரு குழாய், அதுவும் சொட்டும். டிரம்மில் பிடித்துவைத்துக் குளிக்கிறார்கள் என்று சுவரோரம் பார்த்தாலே தெரிந்தது. "நாங்க சூப்பர்வைசர்ட்ட சொல்லிச் சொல்லி அலுத்துட்டோம். நீங்க ஆபீஸ்ல சொல்லித்தான் இந்தப் பக்கம் வருதாக்கா?" என்று கேட்டார்.

ஆமாம், நான் சொல்லித்தான் இந்தப் பக்கம் வருகிறது. அதை எந்த முகத்தோடு சொல்வேன்? அந்தத் தொட்டித் தண்ணீர் குன்றைத் தாண்டிப் புது வீடுகளுக்குப் போகும், இந்தக் கொட்டகைக்கு ஒரு சொட்டும் வராது என்பதை எப்படிச் சொல்வேன்? அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், கொட்டகைக்குப் பின்னால் சரிவைப் பார்த்தேன். புல்லுக்கு நடுவே ஒரு விரிசல் இருந்தது, அல்லது மாட்டுத் தடமாக இருக்கலாம். எனக்கு எல்லாமே விரிசலாகத் தெரிகிறது. ஒன்றை மட்டும் சொன்னேன்.

"அண்ணே, தொட்டி கட்டினதுக்கப்புறம், பெரிய மழை பெஞ்சா இங்க உள்ள படுக்காதீங்க."

அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்க்காரி, படித்தவள், காரணமில்லாமல் சொல்ல மாட்டாள் என்று நம்பினார். வெங்காயக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, நான் சொல்வதை அப்படியே செய்யத் தயாரானவர்போலக் கேட்டார்:

"சரிக்கா. அப்ப எங்க போயிப் படுக்கட்டும்?"